மாப்பிள்ளையின் ஊர்

அண்ணா,

நீ சிட்னியில் எங்கள் நார்த்மீட் வீட்டுக்கு வந்த அன்று, என் கணவர் இம்தியாஸ் வேலையாக மெல்பேர்ன் போயிருக்கிறார் என்றேன். அது பொய். நீ ராணுவத்தில் இருந்தவன் என்பதால் உன்னைப் பார்க்க விரும்பாமல், அவர் பக்கத்தில் ஸ்ட்ராத்ஃபீல்டில் நண்பர் வீட்டில் இருந்தார்.

"மாப்பிள்ளைக்குக் காஷ்மீர்ல எந்த ஊரு?" என்று இரண்டு முறை கேட்டாய். நான் சொன்ன ஊரும் பொய். ராணுவத்தில் நீ காஷ்மீரில் இருந்த வருடம்தான், பால் வாங்கப் போன அவருடைய தம்பியை ராணுவம் பிடித்துக்கொண்டு போனது; அவன் வீடு திரும்பவில்லை.

நீ கிளம்பிய பிறகு வீட்டுக்கு வந்த இம்தியாஸ், "உன் அண்ணன் என்ன கேட்டார்?" என்றார்.

"ஒண்ணும் கேக்கல."

அவர் நம்பவில்லை. உன்னிடம் சொல்லிவிடுவேனோ என்று, நான் போனை எடுத்தாலே இப்போது பேச்சை நிறுத்திவிடுகிறார்.

நீ ஏன் கேட்டாய் என்று எனக்கும் தெரியவில்லை. அந்த வருடம் எந்த முகாமில் இருந்தாய்? அதைச் சொல்லாமல் இனி இந்த வீட்டுக்கு வராதே.

உன் தங்கை