நேராக்கிக் கெடுத்த டிரைவ்

மார்ச் 3
பிளாப்பி டிரைவ் இன்றும் கரகரவென்று கத்தியது. மனைவியின் எம்ப்ராய்டரி மிஷினை ஓட்டுகிற கிழட்டுக் கம்ப்யூட்டர் இது. அவள் இத்தனை வருஷம் வரைந்த பூவும் கொடியும் இந்தப் பிளாப்பிகளில்தான் இருக்கின்றன, வேறெங்கும் இல்லை. போன வருஷத்திலிருந்து அவளுக்கு வலது கை நடுங்குகிறது. புதிதாக வரைய முடியாது. "ஓடுறதத் தொடாதீங்க" என்றாள். கையில் திருப்புளி இருந்தால் எனக்குக் காது கேட்காது.

மார்ச் 4
டிரைவைக் கழற்றித் துடைத்தேன். பிளாப்பியைப் படிக்கிற ஹெட் மயிரிழை விலகி நின்றது. இத்தனை நாளும் கோணலாகவே ஓடியிருக்கிறது! கடையில் வாங்கிய விளையாட்டுப் பிளாப்பி ஒன்றைப் போட்டு, அது பிசகாமல் படிக்கும்வரை ஹெட்டைப் பிடித்திருந்த திருகைத் திருப்பி நேராக்கினேன். சத்தமும் நின்றது. இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டேன்.

மார்ச் 5
அவளுடைய பிளாப்பி ஒன்றுகூடப் படிக்கவில்லை. ஒன்றுகூட.

மார்ச் 8
மச்சான் — அவள் தம்பி — எங்கிருந்தோ இன்னொரு டிரைவ் கொண்டுவந்தான். மாட்டினேன். பச்சை விளக்கு அணையாமல் எரிந்தது. மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, கேபிளைத் தலைகீழாகச் சொருகியிருக்கிறேன். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையா இருக்கே மாமா" என்று சிரித்தான். திருப்பிச் சொருகினேன். காலிப் பிளாப்பியில் எழுதுகிறது, படிக்கிறது. அவளுடையதைப் போட்டால் மட்டும் முறைக்கிறது. சனியன்!

மார்ச் 11
கேபிளை மாற்றினேன், துடைத்தேன், ஊதினேன். ம்ஹும். பிளாப்பிகள் செத்துப்போயிருக்கும் என்று அவளிடம் சொன்னேன். "போன வாரம்வரைக்கும் உயிரோட இருந்துச்சே" என்றாள். கத்திவிட்டேன். எதற்குக் கத்தினேன்? அவள் சொன்னதில் என்ன தப்பு?

மார்ச் 13
மிஷினை விற்கப்போகிறாளாம். அடுத்த ஞாயிறு விட்டு மறு ஞாயிறு ஆள் வருகிறார். "வரையக் கை இல்ல. வரைஞ்சதும் இல்ல. அப்புறம் மிஷின் எதுக்கு?" அழவில்லை. அழுதிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மார்ச் 14
மச்சானுக்குச் சட்டை வெட்ட உட்கார்ந்தாள். புது டேப்பை நீட்டினேன். எரிந்து விழுந்தாள். "பழசக் குடுங்க. அது ஒரு விரக்கடை இழுத்துப் போனதுதான். ஆனா அவன் ஒடம்ப அதுலதான அளந்தேன்? துணியையும் அதுலதான் அளக்கணும். உங்க நேரான டேப்புல வெட்டினா சட்ட அவனுக்குச் சேராது."

டேப்பும் கையுமாக அப்படியே நின்றேன். அடப்பாவி! பிளாப்பிகள் சாகவில்லை. கோணல் ஹெட் எழுதியதை நேரான ஹெட் எப்படிப் படிக்கும்? எந்த டிரைவ் எழுதியதோ, அதே டிரைவ், அதே கோணலில்தான் படிக்கும். அந்தக் கோணலைத்தான் நான் ஒழித்துக்கட்டியிருக்கிறேன்.

மார்ச் 16
பழைய டிரைவைத் திரும்ப மாட்டினேன். மறுபடி கோணலாக்க வேண்டும். எந்தப் பக்கம்? எவ்வளவு? ஒரு கோடுகூடக் கிழித்து வைக்கவில்லை, முட்டாள். திருகை ஒரு இழை திருப்பு, பிளாப்பியைப் போடு, 'படிக்க இயலவில்லை'. எடு. மறுபடி திருப்பு. கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

மார்ச் 18
இல்லை.

மார்ச் 20
டிரைவை ஜன்னல் வழியாக எறியப் போனேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க திருப்புங்க. நான் போட்டுப் போட்டு எடுக்கிறேன்." முதல் தடவை கை நடுங்கி, பிளாப்பி உள்ளே போகவில்லை. பிடிக்கப் போனேன். "நீங்க உங்க திருகப் பாருங்க" என்றாள்.

மார்ச் 22
வந்துவிட்டது! அவள் வைத்த பெயர்களெல்லாம் திரையில் வரிசையாக. இரண்டு பிளாப்பி மட்டும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. அதில்தான் அவளுக்குப் பிடித்த கொடி இருந்ததாம். மச்சானுடைய டிரைவையும் கூடவே மாட்டி, மற்றதையெல்லாம் அதில் புதுப் பிளாப்பிகளுக்கு நகல் எடுத்தோம்.

மார்ச் 23, ஞாயிறு
மிஷின் வாங்குகிறவர் வந்துவிட்டார். அவரிடம் என்ன சொல்வது என்று நாங்கள் பேசி வைக்கவே இல்லை. வாசலில் விழித்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஊசி ஓடுகிற சத்தம். அதற்கு மேல் அவள் குரல்:

"ஏங்க, பூ பாதியில நிக்குது, இப்ப என்னால எழுந்து வர முடியாது. வந்தவருக்குத் தண்ணி குடுத்து அனுப்புங்க."