வெட்டிப் போட்ட சத்தங்கள்

வீட்டு மகாராணிக்கு,

உன் முதுகுவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? ஹெட்போன் மாட்டி மாட்டிக் காது காய்த்துப்போனதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே ஸ்டுடியோவில் இரண்டு வாரமாக, இறந்துபோன ஒரு கீபோர்டு கலைஞரின் பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றினேன். ஜாஸையும் ராக்கையும் கலந்து வாசித்தவர். ஆல்பத்துக்கு முன்னால் வீட்டில் பதிந்து பார்த்த டெமோக்கள், வெளியே யாரும் கேட்டதில்லை. “வாசிப்பு மட்டும் இருக்கட்டும், மத்ததெல்லாம் வெட்டிடு” என்றார் மேலாளர். இருமல், கதவுச் சத்தம், ஒரு பெண்ணின் அதட்டல் எல்லாவற்றையும் வெட்டினேன்.

நேற்று அந்தக் கலைஞரின் மனைவி வந்து முழுவதும் கேட்டார்.

“ரொம்ப சுத்தமா இருக்குப்பா. நடுவுல நான் கத்துவேனே, அது எங்க?”

அசல் கேசட்டை எடுத்து ஓட்டினேன். “எத்தனை தடவை கூப்பிடறது, சாப்பாடு ஆறிப்போச்சு!” என்றது அவருடைய இளவயதுக் குரல். “இதோ, ரெண்டே நிமிஷம்” என்றார் கணவர். அந்த அம்மா சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இப்போது எல்லாக் கேசட்டையும் முதலிலிருந்து ஏற்றுகிறேன். அலுப்புதான், வேறொன்றுமில்லை.

கண் டாக்டர் எழுதிக் கொடுத்த என் பழைய கண்ணாடிச் சீட்டைப் படமெடுத்து அனுப்பு. அப்புறம், குரல் பதிவு அனுப்ப இனி மொட்டைமாடிக்குப் போகாதே. அடுப்படியிலிருந்தே பேசு. குக்கர் கத்தட்டும், பிள்ளைகள் அடித்துக்கொள்ளட்டும். சாப்பிட வரச்சொல்லி என்னையும் ஒரு தடவை திட்டு. ரெண்டே நிமிஷம் என்று சொல்லிக்கொள்கிறேன். நான் ஊருக்குத் திரும்ப இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது.

பஸ் வந்துவிட்டது.

நீ எத்தனை கூப்பிட்டும் காதில் வாங்காத,
உன் செவிடன்