இடது தோளில் ஒரு ரிப்பன் முடிச்சு

அன்புள்ள ஜுலைகா,

நலமா என்று தொடங்க மனம் வரவில்லை. நீ இறந்துபோய் நான்கு வருடமாகிறது. செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் பேத்திக்கு அடுத்த மாதம் நிக்காஹ். பத்திரிகை கொடுக்க வந்த உன் மகள் சபீரா, "பெரியம்மா, அம்மா தச்ச ஜாக்கெட்டப் போட்டுட்டு வாரியளா?" என்று கேட்டாள். எதை என்று நான் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் கணவரை இழந்து இரண்டு வருடம். கல்லூரிப் பெண்ணின் கதையாக ஒரு படம் வந்து, ராஜபாளையத்துப் பெண்கள் எல்லாரும் அதில் நாயகி போட்ட ஜாக்கெட்டை உன் தையல்கடையில் கேட்டார்கள். கான்வென்டில் வரையப் படித்தவள் என்று என்னைத் துணைக்கு அழைத்தாய். உள்ளூர்த் தியேட்டரில் யாராவது பார்ப்பார்கள் என்று நான் தயங்க, பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் மதியக் காட்சிக்குப் போனோம்.

இருட்டில் மடியில் நோட்டு. "அக்கா, கதையப் பாக்காதிய. கையில எம்புட்டு சுருக்குன்னு எண்ணுங்க!"

நாயகியின் தோளிலிருந்த ரிப்பன் முடிச்சு ஒரே காட்சியில்தான் தெரிந்தது, அதுவும் நிலைக்கண்ணாடியில். கண்ணாடி பக்கம் மாற்றிக் காட்டும் என்பதை மறந்து, வலது தோள் முடிச்சை இடது தோளில் வரைந்துவிட்டேன். நீ ஐந்து பேருக்கு அப்படியே தைத்தாய். முடிச்செல்லாம் தாவணிக்குள் மறைந்தன. போட்ட பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கேலி செய்தார்கள்.

"ஏட்டி, உன் ரிப்பன் எங்கட்டி?"

"உள்ள தூங்குது!"

ஐந்தையும் பிரித்து மறுபடி தைத்தாய். தவறு என்னுடையது என்று நான் வாய் திறக்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

மறுவாரம் என்னிடம் ஒரு சாம்பல் நிற ஜாக்கெட்டை நீட்டினாய். அதே சுருக்குக் கை. இடது தோளில் முடிச்சு.

"முந்தானைக்குள்ளதான இருக்கும். ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்க்கா."

"என்னைக் கோமாளியாக்காதே" என்றேன், கடையில் நின்ற அத்தனை பேரும் கேட்க. வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியின் அடியில் போட்டேன். அதன் பிறகு நீ அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. அவ்வளவு வலித்ததா?

நேற்று எடுத்துப் போட்டேன். இறுக்கம். தையலைப் பிரித்தால், உள்ளே இருபக்கமும் இரண்டு விரல் அகலம் துணி விட்டிருக்கிறாய். என்றாவது போடுவேன் என்று அன்றே தெரியுமா உனக்கு?

நிக்காஹுக்கு அதைத்தான் அணிவேன், ஜுலைகா. முந்தானையைச் சற்று ஒதுக்கிக் குத்திக்கொள்வேன். முடிச்சு வெளியே தெரியட்டும். கேட்பவர்களிடம் தைத்தவள் பெயரைச் சொல்வேன். பக்கம் மாற்றி வரைந்தவள் பெயரையும் சொல்வேன்.

உன் அக்கா,
சரோஜா