வெட்டிய பாதி, பிடுங்கிய பாதி

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நானும் நம் பிள்ளை பட்டாணியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் கால்வலி எப்படி இருக்கிறது? நோயாளிகளைப் படுக்க வைத்துவிட்டு நாள் முழுக்க நீ நின்றுகொண்டே இருப்பதாகப் போன வாரம் சொன்னாய். நானும் நின்றே பிழைக்கிறவன்தான். ஆனால் என் சலூனில் ஆள் இல்லாத நேரம் நிறைய, அதனால் என் கால்கள் சுகமாக இருக்கின்றன. நீயும் கிடைத்த நேரத்தில் உட்கார்.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ என்ன விசேஷம் என்று கேட்டால் என் வாய் தன்னால் எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லிவிடுகிறது. வெட்டி முடித்ததும் பின்னால் கண்ணாடியைக் காட்டி, அருமையா இருக்கு சார் என்று சொல்லிச் சொல்லியே பழகின வாய். எழுதும்போது கை கொஞ்சம் யோக்கியமாக இருக்கிறது. மதிய வேளை. சலூன் நாற்காலியில் நானே உட்கார்ந்து எழுதுகிறேன். எதிர்க் கண்ணாடியில் ஒரு குற்றவாளி வாக்குமூலம் எழுதுவது தெரிகிறது.

பட்டாணி வகுப்பில் வாய் திறக்கிறாளா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய். வீட்டில் அவள் வாயை மூட முடியவில்லை. மூன்றாம் வகுப்பு வாசலைத் தாண்டினால் பூட்டு. நீ கிளம்பின பிறகு அது இன்னும் இறுகிவிட்டது. பெயர் கூப்பிட்டால்கூட உள்ளேன் என்று சொல்லாமல் கையை மட்டும் தூக்குகிறாளாம். மற்ற பெற்றோர்களில் ஓரிருவர், பிள்ளைக்குக் காது கேட்குமா என்று என்னிடமே கேட்டார்கள். இதையெல்லாம் உன்னிடம் சொல்லவில்லை. சொல்லி, அவ்வளவு தூரத்தில் நீ என்ன செய்வாய்?

இந்த வருஷம் புதிதாக ஒரு டீச்சர் வந்திருக்கிறார். வாரத்தில் இரண்டு வகுப்பைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற காலி மனையில் வைக்கிறார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சதுரம். நாலு குச்சி, சுற்றிலும் கயிறு, உள்ளே பாயில் பாதி அளவு தரை. அதை வருஷம் முழுக்கப் பார்க்க வேண்டும். கயிற்றைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது, கிள்ளக் கூடாது, பிடுங்கக் கூடாது. என்ன முளைத்தது, எது ஊர்ந்தது, மழைக்குப் பிறகு என்ன மாறியது என்று பார்த்து வரைய வேண்டும். அதுதான் அறிவியல் பாடம். கேட்டதும் நான், புல்லைப் பார்க்க மாடு போதுமே, பிள்ளை எதற்கு என்று சொன்னேன். நம் கடைக்குத் தினமும் வருகிற சொட்டைத்தலை அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு வெட்ட ஒன்றும் இல்லை. பேப்பர் படிக்கவும் என் நகைச்சுவைக்குச் சிரிக்கவும் வருகிறார்.

ஆனால் அந்தச் சதுரத்துக்குப் பக்கத்தில் குந்தியதும் நம் பிள்ளையின் பூட்டு கழன்றது. அவள் சதுரத்தில் ஒரு தட்டைக் கல், அதன் அடியில் ஒரு மரவட்டை. முதலில் மரவட்டையிடம் பேசினாளாம். பிறகு மரவட்டையைப் பற்றி டீச்சரிடம் பேசினாளாம், காதுக்குள். பெற்றோர் தினத்தில் எல்லாப் பிள்ளைகளும் தங்கள் சதுரத்தைப் பற்றிப் பேசணும், நீ பேசுவியா என்று டீச்சர் கேட்டதற்குச் சரி என்று தலையை ஆட்டிவிட்டாள். டீச்சர் என்னைப் பள்ளிக்கூடக் கேட்டில் நிறுத்திச் சொன்னார். அன்றைக்கு ஒருவருக்கு ஒரு கிருதாவை மேலேயும் இன்னொன்றைக் கீழேயும் வைத்து அனுப்பிவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

இனி என் சாதனையைக் கேள். பெற்றோர் தினத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தைச் சுத்தம் செய்ய வரச்சொல்லி, போன சனிக்கிழமை எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஜன்னல் துடைத்தேன், தாழ்வாரம் பெருக்கினேன். முடித்துவிட்டு, பின்பக்கம் பார்க்கட்டுமா டீச்சர் என்று கேட்டேன். வேண்டாம் சார், அது அப்படியே இருக்கட்டும் என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நாமும் யார் வீட்டுக்குப் போனாலும் டீ வேண்டாம் வேண்டாம் என்று சொல்லித்தானே குடிக்கிறோம்.

போய்ப் பார்த்தால் இருப்பதிலேயே அதிகம் புதர் மண்டிக் கிடந்தது நம் பிள்ளையின் சதுரம்தான். ஆறு மாதம் சலூன் பக்கமே வராத ஆளின் தலை மாதிரி. நாலு பேர் பார்த்தால், சலூன்காரர் மகளுடைய இடமா இது என்று கேட்க மாட்டார்களா? தொடாதே என்ற சட்டம் பிள்ளைகளுக்கு என்று நினைத்தேன். பையில் கத்திரிக்கோல் இருந்தது. ஒரு பாதியைச் சீப்பு வைத்த மாதிரி சீராக வெட்டினேன். முதுகு பிடித்துக்கொண்டது. மறு பாதியைக் கையாலேயே வேரோடு பிடுங்கிப் போட்டேன். தட்டைக் கல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். பெருக்கினேன், தண்ணீர் தெளித்தேன். தள்ளி நின்று பார்த்து, அருமையா இருக்கு சார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நேற்று திங்கட்கிழமை. பட்டாணி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். அழவில்லை, கத்தவில்லை. பையை வைத்தாள். நான்தான் சுத்தம் பண்ணினேன் என்று, விஷயம் தெரியாமல், பெருமையாகச் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. சாப்பிடும்போதும் இல்லை. இன்று காலை சடை பின்னும்போது வலித்தும்கூட ஆ என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கிடந்த பூட்டை என் கையாலேயே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இதை உனக்கு அனுப்பத்தான் வேண்டுமா என்று தெரியவில்லை.

                                        *

மேலே எழுதினதைச் சீப்பு வைக்கிற டிராயரில் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நல்லவேளை அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் நீ அங்கே வார்டில் ஒருவருக்குப் போட வேண்டிய ஊசியை இன்னொருவருக்குப் போட்டிருப்பாய். இப்போது தைரியமாகத் தொடர்கிறேன்.

அன்று சாயங்காலம் நான் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். முகம் முழுக்க நுரை. பட்டாணி கடைக்குள் வந்து நின்று, அப்பா, நீ வெட்டினியா பிடுங்கினியா என்று கேட்டாள். ஒரு நாள் முழுக்க வாய் திறக்காத பிள்ளை, வாயைத் திறந்ததும் போலீஸ் விசாரணை. ரெண்டும்தான் கண்ணு என்றேன். எந்தப் பக்கம் எது என்றாள். இடது பக்கம் வெட்டினது என்று நினைக்கிறேன் என்றேன். நினைக்காதே, வந்து காட்டு என்றாள். நுரையோடு இருந்தவர், போய்ட்டு வாங்க, நான் இருக்கேன் என்றார். பாவம், காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கூட்டிப்போய், கயிற்றுக்கு வெளியே என்னை நிறுத்தி எல்லை காட்டச் சொன்னாள். காட்டினேன். இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு கயிறு கட்டினாள். அடுத்து, கல் எங்கே? சுவருக்குப் பின்னால் சாக்கடை ஓரத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தேன். இது இல்லை என்றாள். இன்னொன்று. இதுவும் இல்லை. அதற்கு அடுத்தது அவளுடைய கல். எனக்கு எல்லாம் கல்லாகத்தான் தெரிந்தது. வீட்டுக்குக் கிளம்பின டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். சார், நான் வேண்டாம்னு சொன்னா அது வேண்டாம்தான் என்றார். இனி டீ கொடுத்தால் முதல் தடவையே வாங்கிக் குடித்துவிடுவேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

பிறகு தினமும் எனக்கு அறிக்கை வந்தது. வெட்டின பாதியில் அந்த வாரமே பச்சை எட்டிப் பார்த்துவிட்டது. பிடுங்கின பாதி மொட்டையாகவே கிடந்தது. அதைச் சொல்லும்போதெல்லாம் என் கைகளை ஒரு பார்வை பார்ப்பாள். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். மரவட்டை திரும்பி வரவில்லை. அதை மட்டும் அவள் சொல்லவில்லை. நானாகக் கேட்கவும் இல்லை.

பெற்றோர் தினம் வந்தது. ஊருக்கெல்லாம் முடி திருத்துகிறவன் மகள் கோணல் வகிடோடுதான் போனாள். சடை பின்ன எனக்கு இன்னும் கை வரவில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு சதுரத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஒவ்வொன்றிலும் பூவும் பச்சையும் பட்டாம்பூச்சியும். நம் பிள்ளையின் சதுரம் மட்டும் ஒரு பக்கம் கிராப்பு, ஒரு பக்கம் மொட்டை. நான் கடைசி வரிசையில், உயரமான ஒருவருக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

தலைமை ஆசிரியர் வந்து, உன்னுது மட்டும் ஏம்மா இப்படி இருக்கு என்று கேட்டார். பட்டாணி தரையைப் பார்த்தாள். எல்லாரும் காத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு அம்மா, இது பேசாத பிள்ளை என்று இன்னொருவரிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. தப்பு என்னுடையது, நானே சொல்லிவிடுகிறேன் என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். பட்டாணி தலையைத் தூக்கிப் பார்த்து, உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினாள். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் கால் கயிற்றைத் தாண்ட இருந்தது.

அப்பா, மிதிக்காதே என்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

வாய் திறந்தாகிவிட்டது, இனி மூடி என்ன பயன் என்று நினைத்தாளோ என்னவோ, அப்படியே தொடர்ந்தாள். இது எங்க அப்பா, இவரு சலூன் வச்சிருக்காரு, இந்தப் பக்கம் வெட்டிட்டாரு, அந்தப் பக்கம் பிடுங்கிட்டாரு என்றாள். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு புதிதில்லை, ஆனால் பிள்ளை சுருங்கிவிடுவாளோ என்று பயந்தேன். அவள் சுருங்கவில்லை. சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அந்தப் பொறுமை உன்னுடையது. ஊசிக்கு அழுகிற பிள்ளைகள் அடங்கும்வரை நீ நிற்பாயே, அப்படி நின்றாள்.

பிறகு சொன்னாள். வெட்டின பக்கத்தில் வேர் உள்ளேயே இருக்கு, அதனால பழைய புல்லே திரும்ப வந்துடுச்சு. பிடுங்கின பக்கத்தில் வேர் இல்லை, ரொம்ப நாள் ஒண்ணும் வரலை. மழை பெய்ஞ்ச பிறகு ரெண்டு ரெண்டு இலையா குட்டிக் குட்டியா வந்துச்சு. அது புல்லு இல்லை. முன்னாடி என் சதுரத்தில் இல்லாத செடி. அதோட விதை அடியில முன்னாடியே இருந்திருக்கும், இல்லேன்னா காத்துல வந்திருக்கும். புல்லு மூடியிருந்தப்ப அதுக்கு வெயில் கிடைக்கலை போல. இப்படிச் சொல்லிவிட்டு, ஒரு குச்சியால், தொடாமல், ஒவ்வொன்றாகக் காட்டினாள். கூட்டம் குனிந்தது. பூ இருந்த சதுரங்களை விட்டுவிட்டு எல்லாரும் என் மொட்டைப் பாதியைப் பார்த்தார்கள்.

பேசாத பிள்ளை என்று சொன்ன அந்த அம்மாவே, அப்போ பழைய புல்லு இந்தப் பக்கம் வருமா வராதா கண்ணு என்று கேட்டார். பட்டாணி யோசித்தாள். தெரியாது, பார்த்துட்டுச் சொல்றேன் என்றாள்.

எனக்கு அந்த இடத்தில்தான் கண் கலங்கியது. நான் இதுவரை எந்த வாடிக்கையாளரிடமும் தெரியாது என்று சொன்னதில்லை. முடி வளருமா என்றால் வளரும், நரை போகுமா என்றால் போகும், மழை வருமா என்றால் அதுவும் வரும். நம் வயிற்றில் இப்படி ஒரு பிள்ளை. சரி, உன் வயிற்றில்.

மறுநாள் சொட்டைத்தலை அண்ணன் கடையில் கதை கேட்டுவிட்டு, பட்டாணியிடம் தலையைக் காட்டி, இது வெட்டினதா பிடுங்கினதா பார்த்துச் சொல்லு என்றார். அவள் நாற்காலியில் ஏறி நின்று, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மழைக்கு அப்புறம் பார்க்கலாம் மாமா என்றாள். மனிதர் நேற்று மழையில் குடையில்லாமல் வந்தார்.

இந்த வாரம் பெயர் கூப்பிட்டபோது உள்ளேன் டீச்சர் என்று சொன்னாளாம். டீச்சர் கேட்டில் நிறுத்திச் சொன்னார். இந்தத் தடவை கிருதாக்களைச் சமமாகவே வைத்தேன்.

ஒரு முக்கிய வேண்டுகோள். இதையெல்லாம் போனில் அம்மாவிடம் சொல்லக் கூடாது, வந்ததும் நானே காட்டுவேன் என்று பட்டாணி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். கடிதம் போன் இல்லை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு எழுதிவிட்டேன். எனவே உனக்கு எதுவும் தெரியாது. அவள் சொல்லும்போது முதல் தடவை கேட்கிற மாதிரிக் கேள். அப்பாவா அப்படிப் பண்ணினார் என்று என்னைத் திட்டு. கொஞ்சமாகத் திட்டு.

இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். உன் வேலை, உன் தீர்மானம். நீ எதைச் செய்தாலும் எங்களுக்குச் சம்மதம். இங்கே எல்லாம் நல்லா இருக்கு.

கையும் போன் மாதிரியே பேச ஆரம்பித்துவிட்டது, பார்.

இதையும் சொல்லிவிடுகிறேன். டீச்சரிடம் கேட்டு, பட்டாணி தன் சதுரத்தை ஒட்டி இன்னொரு சதுரத்துக்குக் கயிறு கட்டியிருக்கிறாள். குச்சியில் அம்மா என்று எழுதி வைத்திருக்கிறாள். அதை அவள் வரைவதில்லை. அது அம்மா பார்க்க வேண்டியது என்கிறாள். உள்ளே என்னென்ன வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். சீக்கிரம் வா என்று நான் எழுதவில்லை. ஆனால் இந்த மழைக்கு உன் சதுரம் காடாக வளர்ந்து கிடக்கிறது. என் கையைப் பற்றி உனக்குத் தெரியும். கத்திரிக்கோலை எவ்வளவு நாள் அடக்கி வைத்திருப்பேன் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

இப்படிக்கு,
கயிற்றுக்கு வெளியே நிற்கும்
உன் வீட்டுக்காரன்