செத்த லேப்டாப்பை எழுப்பியது

என் அக்காள் மகளுக்கு,

நீ இங்கே போட்டுவிட்டுப் போன செத்த லேப்டாப்பில், லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவைச் செருகி ஒரே நொடியில் எழுப்பிவிட்டேன். பார்க்கப் பாதி சங்கரன்கோவில் கூடிவிட்டது. "அண்ணாச்சி, ஒங்க மூளைக்கு நீங்க இங்கன இருக்க வேண்டிய ஆளே இல்ல" என்றான் பக்கத்துக் கடை சுடலைமணி.

எல்லாரும் போனபின், உன் கல்யாணப் பத்திரிகை அனுப்ப உன் தோழிகளின் விலாசத்தை அதில் தேடினேன். பாஸ்வேர்டுகூடக் கேட்காமல், நீ எனக்கு எழுதி அனுப்பாத கடிதம் திறந்தது. "மாமா, உங்கள் மகனைக் கட்டிக்கொள்ள எனக்கு மனமில்லை."

பதறிப்போய்ப் பென்டிரைவைப் பிடுங்கினேன். பிடுங்கிய பிறகும் அந்த வரி திரையில் அசையாமல் நின்றது.

உன் அத்தையிடம், "ஏட்டி, ஜாதகம் சேரலன்னு புளியங்குடி சோசியர் சொல்லிட்டாரு, கல்யாணத்த நிறுத்துதேன்" என்றேன். அப்படியொரு சோசியரே கிடையாது. யாராவது கேட்டால் கொஞ்சம் வருத்தமாக முகத்தை வைத்துக்கொள்.

எப்போதும் உன் தாய்மாமன்