அக்காவுக்கு ஒரு கோட்டு

மார்ச் 3

அன்புத் தங்கை ஊசிக்கு,

நலம். நீயும் நலமென்று நானே வைத்துக்கொள்கிறேன், நீதான் கடிதம் போடுவதில்லையே. அப்பா போய் நாலு மாதம் ஆகிறது. அவருக்காகப் பதினோரு வருடம் விழித்த கண் இப்போதாவது தூங்குகிறதா?

ஏப்ரல் இருபதாம் தேதி என் ஆலோசனை மையம் புதுக் கட்டடத்துக்குப் போகிறது. மேடையில் என் முறையைச் செய்து காட்டப்போகிறேன். கண்ணை மூடி நின்று, மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். முன்னே சாய்ந்தால் உடம்புக்குச் சம்மதம், பின்னே சாய்ந்தால் இல்லை. ஊரார் பேச்சையே கேட்டுப் பழகியவர்கள் தங்களை நம்பக் கற்றுக்கொள்ள இதைவிட நேர்வழி கிடையாது. இதில் முதலில் நின்றவள் நீ. நாடகக் குழுவில் துணி வெட்டும் வேலை வந்தபோது, "நான் போறேன்" என்று சொன்னாய், பின்னே சாய்ந்தாய், அப்பாவோடு தங்கினாய். அதை மேடையில் வந்து சொல்லேன்.

விழாவுக்கு எனக்கொரு கோட்டும் தைத்து அனுப்பு. உன் கைக்கு ஈடு இங்கே யாரும் இல்லை.

உன் அக்கா

மார்ச் 14

அன்பு அக்காவுக்கு,

தூக்கம் வருகிறது. அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரத்துக்கு மட்டும் உடம்பு தானாக எழுந்துகொள்கிறது. அதற்கு யார் சொல்லிப் புரியவைப்பது?

போன வாரம் கடையில் ஒரு வேடிக்கை. வங்கி மேலாளராக இருக்கும் ஒரு அம்மாவுக்குத் தைத்த கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்துப்பட்டி சரியாக உட்கார்ந்ததா என்று முன்பக்கம் கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் வைத்தேன். அந்த அம்மா மெல்லப் பின்னால் சாய்ந்தார்கள். விரலை எடுத்தால் நிமிர்ந்தார்கள், வைத்தால் சாய்ந்தார்கள்.

"என்னம்மா, தள்ளுறியா?"

"இல்லைங்க, சும்மா தொட்டேன்."

அன்று வந்தவர் எல்லோரையும் அப்படித் தொட்டுப் பார்த்தேன். ஒருவர் பாக்கியில்லாமல் பின்னால் சாய்ந்தார்கள்.

அன்றைக்கு நான் "போறேன்" என்று சொன்னபோது உன் கை எங்கே இருந்தது, அக்கா? மறந்திருந்தால் பரவாயில்லை.

கோட்டு தைக்கிறேன். உன் அளவு எனக்கு மனப்பாடம்.

உன் ஊசி

ஏப்ரல் 6

அன்புத் தங்கைக்கு,

கோட்டு வந்தது. கண்ணாடி முன்னால் போட்டு நின்று பார்த்தேன், வார்த்தெடுத்த மாதிரி இருக்கிறது. இனி விழாவன்றுதான் எடுப்பேன்.

கை பற்றிக் கேட்டிருந்தாய். விழுந்துவிடக் கூடாதே என்று ஒரு பிடிமானத்துக்கு வைப்பேன். இன்றும் எல்லோருக்கும் வைக்கிறேன். கண்ணை மூடியவரை அப்படியே விட முடியுமா? ஒன்றுமில்லாததை ஊதிப் பெரிதாக்காதே.

முதல் வரிசையில் உனக்கு இடம் போட்டிருக்கிறேன்.

உன் அக்கா

ஏப்ரல் 22

தங்கைக்கு,

நீ வரவில்லை. உன் நாற்காலியில் என் கைப்பைதான் உட்கார்ந்திருந்தது.

மேடைக்கு ஒரு பள்ளி ஆசிரியை வந்தாள். ஆறு மாதமாக என்னிடம் வருபவள். "நான் தனி வீடு பார்த்துப் போறேன்" என்று சொல்லும்போதெல்லாம் பின்னேதான் சாய்வாள். சபையிடம் அதை முன்கூட்டியே சொல்லியும் வைத்தேன். அவள் கண்ணை மூடினாள். நான் கையைத் தூக்கினேன். இடுப்புக்கு மேல் வரவில்லை. கோட்டு பிடித்து இழுத்தது. அவள் சொன்னாள், நேராக முன்னே சாய்ந்தாள். கண்ணைத் திறந்து, ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, கழுத்துக்குக் கீழே தொட்டுக் காட்டிக் கேட்டாள்: "மேடம், எப்பவும் இங்க கை வைப்பீங்களே, இன்னிக்கு ஏன் வைக்கலே?"

மறுநாளே பதினாறு பேர் இனி வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

உன்னை நான் அழுத்தினேன். தெரிந்தேதான். நீ போயிருந்தால் அப்பா என் தலையில் விழுந்திருப்பார், மையத்தை அப்போதுதான் தொடங்கியிருந்தேன். மற்றவர்களுக்கும் அப்படிச் செய்துகொண்டிருந்தேன் என்பது சத்தியமாக எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு வருகிறேன். கதவைத் திற.

அக்கா

ஏப்ரல் 26

அக்காவுக்கு,

உன் கோட்டின் அக்குளை மூன்று விரல் இறக்கி வெட்டினேன். கை தொங்கினால் கச்சிதமாக இருக்கும், தூக்கினால் பிடிக்கும். தையல் பழகுகிறவர்கள் தெரியாமல் செய்யும் பிழை அது. நான் தெரிந்தே செய்தேன். பழி வாங்கத்தான். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் துணியையும் தைத்ததில்லை.

அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் எனக்கு வருத்தம் இல்லை. "நீ இருடி, என்னால முடியாது" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இருந்திருப்பேன். நீ என் உடம்பையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லவைத்தாய். அதற்குப் பிறகு எனக்குப் பிடித்த எதையும் நான் நம்பவில்லை. என்னைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி வந்தவரையும் சேர்த்துத்தான்.

நேற்று கடை நடுவில் கண்ணை மூடி நின்று, "நான் போறேன்" என்றேன். முன்னே சாய்ந்த வேகத்தில் வெட்டு மேசையில் கை ஊன்ற வேண்டியதாயிற்று. நாடகக் குழு போன மாதமே வரச் சொல்லிவிட்டது. நாளை கிளம்புகிறேன்.

பிறகு, "அக்கா வரட்டும்" என்று சொல்லிப் பார்த்தேன். மூன்று முறை சொன்னேன். யார் கையும் என்மேல் இல்லை. மூன்று முறையும் பின்னேதான் சாய்ந்தேன்.

கோட்டைப் பிரித்துத் தைக்கக் கொடுக்காதே. யார்மேலும் கை வைக்காமல் வேலை செய்தால் அது உனக்குச் சரியாகத்தான் இருக்கும்.

தங்கை