உதட்டில் ஒட்டும் பக்கம்

பொலோன்யா,
மார்ச் 3

அன்புள்ள ஸ்லாத்கா,

உன் பல்வலி தணிந்ததா? நம் கப்ரோவோவில் பனி விலகித் தேனீப்பெட்டிகளைத் திறந்துவிட்டாயா? நான் நலம், உதடுகளைத் தவிர. குளிரில் வெடித்துக் கிடக்கின்றன.

அதனால் ஒரு கூத்து நடந்தது. எங்கள் அச்சகத்தில் ஓவியங்களை அச்சடிக்கும் பருத்தித்தாளில் ஒரு பக்கம்தான் மை பிடிக்கும் பூச்சு உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளை. மூலையை ஈர உதட்டில் வைத்தால் பூச்சுள்ள பக்கம் லேசாக ஒட்டும். என் வெடித்த உதட்டில் இரண்டுமே ஒட்டின. ஓவியர் ஃபவுஸ்தோ தன்னைத்தானே வரைந்த படத்தைத் தவறான பக்கத்தில் அடித்துவிட்டேன். மை உள்ளே ஊறி, முகம் சாம்பல் பூத்துவிட்டது.

"என்னய்யா இது, என்னை ஆத்துலேருந்து தூக்கிப் போட்ட மாதிரி இருக்கு? நூறு வருஷம் மங்காதுன்னு சொன்னீங்களே," என்றார்.

"இதுக்கு மேல மங்க என்ன இருக்கு?" என்றாள் முதலாளி ஓர்னெல்லா. பிறகு என்னிடம், "முத்தம் குடுக்கத் தெரியாத ஆளை வேலைக்கு வெச்சிருக்கேன் பாரு. உன் பொண்டாட்டி பாவம்."

ஃபவுஸ்தோ சிரித்துவிட்டதால் என் வேலை தப்பியது. இரண்டாம் முறை ஓர்னெல்லாவே உதட்டில் வைத்துப் பார்த்தாள். தாளைத்தான்.

நீ தேன்மெழுகில் காய்ச்சும் உதட்டுக் களிம்பு ஒரு டப்பா அனுப்பு. இங்கே கடையில் நல்லதாகவே கிடைக்கிறது, இருந்தாலும் அனுப்பு.

இயந்திரம் கூப்பிடுகிறது. மிஞ்சிய பருத்தித்தாளில்தான் இதை எழுதுகிறேன். சரியான பக்கம்தானா என்று கீழே வலது மூலையை உதட்டில் வைத்துப் பார். நானும் அந்த மூலையில்தான் பார்த்தேன்.

உன் ஒக்னியான்